மாப்பிள்ளை வரும் பாதையில் கல்

மாப்பிள்ளையைத் திட்டக் கூடாது. இதை எங்கள் ஜனங்களில் யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். பெண்டாட்டியைத் திட்டலாம், அவள் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுப்பாள். முதலாளியை அவர் கார் கிளம்பின பிறகு திட்டலாம். மாப்பிள்ளையை மட்டும் மனசுக்குள் 'அவன்' என்றும் வாயில் 'வாங்க மாப்ள' என்றும் வைத்துக்கொண்டே கடைசி வரைக்கும் ஓட்ட வேண்டும். என்னைப் போல வாய் நீளமானவனுக்கு இது சர்க்கரை வியாதியைவிடக் கெட்ட வியாதி. இரண்டும் எனக்கு ஒரே வருஷத்தில் வந்தன.

நான் பிறந்தது புனேயில், கட்கியில். அப்பா ஆரணிப் பக்கத்திலிருந்து வெடிமருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்தவர். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை போனேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடமும் நானும் பேசிக்கொள்ளவில்லை. போசரியில் ஒரு பட்டறையில் முப்பத்தைந்து வருஷமாக லேத் ஓட்டுகிறேன். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். மராட்டியிலும் இந்தியிலும் நன்றாகச் சண்டை போடுவேன், ஆனால் படிக்க வராது. பஸ்ஸில் நம்பரைப் பார்த்து ஏறுவேன். யாராவது ஒரு போர்டைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "கண்ணாடி வீட்ல இருக்குது" என்று சொல்லிவிடுவேன். என் வீட்டில் கண்ணாடியே கிடையாது.

மாப்பிள்ளை கோயம்புத்தூர்க்காரர். கம்ப்யூட்டர் வேலை. என் பெண் வேலை செய்த அதே ஆபீசில் அவளைப் பார்த்து, பிடித்துப்போய், முறையாக வந்து கேட்டார். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, கோபம் கிடையாது. எதற்கெடுத்தாலும் ஒரு 'ங்க'. குறை சொல்ல ஒன்றுமே இல்லாத மனுஷனோடு எப்படிப் பழகுவது? நானும் ஒரு வருஷம் தேடித் தேடிக் களைத்துப் போனேன். கடைசியில்தான் அந்தச் சைக்கிள் கண்ணில் பட்டது.

அதற்கு ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, பெல்கூட இல்லை. பாதி சைக்கிள். அந்தப் பாதி சைக்கிளின் விலைக்கு என் ஸ்கூட்டர் இரண்டு வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் காரின் முதுகில் கட்டி எடுத்துக்கொண்டு போவார். சைக்கிளை ஓட்டிக்கொண்டு போகாமல் காரில் ஏற்றிக்கொண்டு போகிற ஒருவருக்கு என் பெண்ணைக் கொடுத்திருக்கிறேன் என்று பட்டறையில் சொன்னபோது, ஒருவனும் நம்பவில்லை.

எனக்குச் சர்க்கரை வந்ததும் டாக்டர் தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். கட்கியில் நடந்தால் கடைக்குக் கடை அரை டம்ளர் கட்டிங் சாயும் வடாபாவும் கூப்பிடும். அதனால் டேக்டிக்குப் போனேன். புனேயில் ஊருக்கு நடுவில் நிற்கிற காட்டுக் குன்றை அப்படித்தான் சொல்வார்கள். ஆறு மணிக்கு வனத்துறைக்காரர்கள் கேட்டைத் திறந்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் போகலாம். நானும் போகலாம் என்பதுதான் அந்த இடத்தின் ஒரே குறை என்று உள்ளே நடக்கிறவர்களின் முகத்தைப் பார்த்தால் தெரியும். எல்லோரும் ரிட்டையர் ஆன பெரிய உத்தியோகஸ்தர்கள். வெள்ளைச் செருப்பு, வெள்ளை மீசை. மேலே மைதானத்தில் வட்டமாக நின்று கையைத் தூக்கிச் சிரிப்பார்கள். ஜோக்கே இல்லாமல். நாற்பது வருஷமாக ஜோக் சொல்லி ஒருத்தனும் சிரிக்காத எனக்கு அதைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

ஆகவே நான் அந்த அகலப் பாதையை விட்டுவிட்டு, இடது பக்கம் பிரிகிற ஒற்றையடிப் பாதையில் போக ஆரம்பித்தேன். இரண்டு பக்கமும் உண்ணிச்செடிப் புதர். ஆள் நடமாட்டம் இல்லை. சர்க்கரை வியாதிக்காரனுக்குப் பாதி வழியில் ஒதுங்க மறைவிடம் வேண்டும். அதற்கு அந்தப் பாதையை மிஞ்சின இடம் டேக்டியில் கிடையாது. பாதை பிரிகிற இடத்தில் ஒரு இரும்புக் கம்பத்தில் சைக்கிள் கடை விளம்பரம் ஒன்று இருந்தது. மேலே சைக்கிள் படம், கீழே நடக்கிற ஆளின் படம், அந்த ஆளின் மேல் சிவப்புக் கோடு, அடியில் மராட்டியில் இரண்டு வரி. நடக்காதே, சைக்கிள் வாங்கு என்கிறான். காட்டுக்குள்ளேயும் வந்துவிட்டான் பாருங்கள். தினமும் அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் காலை நீட்டி மடக்குவேன். செருப்பில் சேறு இருந்தால் அதில்தான் துடைப்பேன்.

ஒரு நாள் காவலர் ஒருவர் அங்கே நின்று, தடியால் அந்த விளம்பரத்தைத் தட்டி, "காகா, போர்டு வாச்லா கா?" என்று கேட்டார். படித்தாயா என்கிறார்.

"கண்ணாடி வீட்ல இருக்குது சாஹேப்" என்றேன் மராட்டியில்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார். சைக்கிள் கடைக்காரனிடம் ஏதோ மாமூல் வாங்குகிறார் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையை நான் அந்தப் பாதையில் முதன்முதலாகச் சந்தித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேட்டிலிருந்து ஏதோ சரசரவென்று வந்தது. காட்டுப்பன்றி என்று நினைத்துப் புதரில் குதித்தேன். பன்றியாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். வந்தது சைக்கிள். மேலே ஒருவன், தலையில் தவலை மாதிரி ஹெல்மெட், கண்ணில் வெல்டிங் கண்ணாடி மாதிரி ஒன்று. முள் குத்தின வேகத்தில் கத்தினேன்.

"அபே, தேரே பாப் கா ரோட் ஹை க்யா?"

உன் அப்பன் வீட்டு ரோடா என்று அர்த்தம். புனேயில் இதைத் திட்டு என்றே சொல்ல மாட்டார்கள், காலை வணக்கம் மாதிரி. அவன் பிரேக் பிடித்தான். வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினான்.

"எங்கப்பா ரோடு இல்லீங்க மாமா" என்றார் மாப்பிள்ளை.

அப்படியென்றால் நான் திட்டினது சம்பந்தியை. பெண் அந்த நேரத்தில் ஏழு மாசம் நிரம்பப் போகிறவள். அடுத்த மாசம் வளைகாப்பு. வளைகாப்பு முடிந்தால் பெண்ணை எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். முதல் பிரசவம் அம்மா வீட்டில் என்பதுதான் எங்கள் வழக்கம். என் பெண்டாட்டி அதற்காகச் சின்ன அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, உத்தரத்தில் தொட்டில் கட்ட ஒரு கொக்கி மாட்டச் சொன்னாள். பட்டறையில் நல்ல கம்பியாகப் பார்த்து நானே வளைத்து மாட்டினேன். யானையைக் கட்டினாலும் தாங்கும். ஆனால் கோயம்புத்தூர்ச் சம்பந்தியம்மா, தானே வந்து ஃபிளாட்டில் தங்கிப் பார்த்துக்கொள்கிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி, லிஃப்ட் இருக்கிறது, கட்கியில் என்ன இருக்கிறது என்று கேட்டாராம். பெண் இரண்டு பக்கமும் பதில் சொல்லாமல் இருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும், பெண்டாட்டி முறத்தைக் கீழே வைத்தாள்.

"சம்பந்தியயா திட்டின?"

"ஹெல்மெட் போட்டிருந்தான். எனக்கு இன்னா தெரியும்?"

"இந்தா பாருய்யா. பொண்ணு இந்த வூட்டு வாசப்படி ஏர்ற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. நீ ஏதாச்சும் சொல்லி, அத சாக்கா வெச்சிக்கினு அந்தம்மா வந்து ஃபிளாட்ல குந்திக்கினான்னா, நீ அந்த டேக்டியிலயே படுத்துக்கோ. சோறு அனுப்ப மாட்டேன்."

சாயங்காலம் அவள் சின்ன அறையில் நின்று, அண்ணாந்து அந்தக் கொக்கியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

ஆனால் அவள் மூடச் சொன்னது வாயை. கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளே ஆரம்பித்தேன். பாதை வளைகிற இடத்தில், சைக்கிள் திரும்பியே ஆக வேண்டிய இடத்தில், குறுக்கே கல் வைத்தேன். சும்மா வீசிவிட்டு வருகிற ஆள் இல்லை நான். லேத்காரன். பக்கத்தில் பக்கத்தில், சந்து தெரியாமல், முழங்கால் உயரத்துக்கு நூல் பிடித்தாற்போல வரிசை. தூர நின்று பார்த்தால் ஏதோ கோட்டையின் மிச்சம் என்று நினைப்பார்கள். திங்கட்கிழமை வைத்தது செவ்வாய்க்கிழமை உருண்டு கிடந்தது. திரும்ப வைத்தேன். சைக்கிள்காரர்கள் திரும்ப உருட்டினார்கள். பெரிய கல்லாகக் கொண்டு வந்தேன். அதையும் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து புதருக்குள் தள்ளியிருந்தார்கள். ஒரு மயில் மட்டும் தினமும் மரத்தில் உட்கார்ந்து என்னைப் பார்க்கும். அதன் முகத்திலும் மரியாதை இல்லை.

மூன்று வாரம் இப்படிப் போனது. உடம்பு இளைத்தது. சர்க்கரை குறைந்ததாக டாக்டர் சொல்லி, "வாக்கிங் அப்படியே கண்டின்யூ பண்ணுங்க" என்றார். நான் பண்ணிக்கொண்டிருந்தது வாக்கிங் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் முன்னாலேயே வந்து கல்லை வைத்துவிட்டு, அகலப் பாதைக்குப் போய், சிரிக்கிறவர்களோடு நின்று சிரிப்பேன். அந்த ஒரு நாள்தான் எனக்கு உண்மையாகவே சிரிப்பு வரும்.

மாப்பிள்ளை அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தால், "பாதையில எவனோ கல்லு வெக்கறானுங்க மாமா" என்பார்.

"அப்படியா மாப்ள? காலம் கெட்டுப் போச்சி" என்பேன்.

"ஆமாங்க மாமா."

"ஜாக்கிரதையா ஓட்டுங்க மாப்ள."

"சரிங்க மாமா."

பெண்டாட்டி இரண்டு பேருக்கும் நடுவில் காபியை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அவளுக்குத் தெரியாது. ஆனால் ஏதோ தெரியும்.

வளைகாப்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. சம்பந்தியம்மா டிக்கெட் எடுத்துவிட்டதாகப் பெண் போனில் சொல்லியிருந்தாள். வளைகாப்புக்கு மட்டும் வருகிறாரா, பிரசவம் வரைக்கும் இருக்கிறாரா என்று கேட்டதற்கு, "தேகேங்கே அம்மா, பாக்கலாம்" என்றாளாம். அந்தக் கோபத்தில் அன்றைக்கு நான் வைத்த வரிசை மாதிரி வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை. வைத்து முடித்தேன். அழகு பார்க்க இரண்டு அடி பின்னால் போனேன். முந்தின நாள் நானே ஒரு கல்லைப் பெயர்த்த பள்ளம் அங்கே இருந்தது. வலது கால் அதில் போனது, ஏதோ நறுக்கென்றது, நான் உண்ணிச்செடிக்குள் உட்கார்ந்திருந்தேன்.

எழுந்திருக்கப் பார்த்தேன். கால் ஒப்புக்கொள்ளவில்லை. அப்போது மேட்டிலிருந்து அந்தச் சரசரப்பு.

நான்கு சைக்கிள். முதலில் வந்தவர் கல் வரிசைக்கு ஒரு கை தூரத்தில் பிரேக் பிடித்து நின்றார். மாப்பிள்ளை. பின்னால் வந்தவர்களில் ஒருவன் கல்லைப் பார்த்தான், புதரைப் பார்த்தான்.

"யே வஹி ஹை நா? பத்தர்வாலா?"

இவன்தானே அந்தக் கல்லுக்காரன் என்கிறான். எனக்கு அங்கே பேரே வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"நஹீன் யார்", இல்லைப்பா என்றார் மாப்பிள்ளை அவர்களிடம். "யாரோ பெரியவர், வாக்கிங் வந்தவர். விழுந்துட்டார் போல. நீங்கள் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று இந்தியும் இங்கிலீஷும் கலந்து சொன்னார். அவர்கள் கல்லைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டுப் போனார்கள். மூன்று வாரத்து வேலை, மூன்று உதை.

யாரோ பெரியவர். சொந்த மாமனாரை. காப்பாற்றினாரா கைகழுவினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

மாப்பிள்ளை சைக்கிளைப் படுக்க வைத்துவிட்டு, உருண்ட கல் ஒன்றில் உட்கார்ந்தார்.

"கால் எப்படிங்க மாமா இருக்குது?"

"நல்லா இருக்குது மாப்ள. நீங்க போங்க. சும்மா குந்திக்கினு இருக்கேன்."

"முள்ளுக்குள்ளயுங்களா?"

"காத்து நல்லா வருது."

அவர் தலையாட்டினார். ஹெல்மெட்டின் நெற்றியில் தீப்பெட்டி அளவுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. நான் அதை லைட் என்று நினைத்திருந்தேன். அது கேமராவாம். போனை எடுத்து என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். பாதை ஓடுகிறது, செடி ஓடுகிறது, வளைவு வருகிறது, வளைவில் ஒருவன் குனிந்து கல் வைத்துக்கொண்டிருக்கிறான். முகம் தெரியவில்லை. பின்பக்கம்தான், படம் முழுக்க. ஆனால் அந்தக் கட்டம் போட்ட சட்டை, தீபாவளிக்கு அவரே எடுத்துக் கொடுத்தது.

"ரெண்டு வாரம் முன்னாடி எடுத்ததுங்க. வழக்கத்தவிட சீக்கிரம் வந்துட்டேன் அன்னிக்கி. உங்களப் பாத்ததும் அப்படியே திரும்பிப் போயிட்டேனுங்க. யாருக்கும் காட்டலீங்க மாமா."

"ரொம்ப நல்ல மனசு மாப்ள உங்களுக்கு."

"இருக்கட்டுங்க." போனைப் பைக்குள் வைத்தார். "அம்மா வர்றாங்க. பிரசவத்த ஃபிளாட்டுலயே வெச்சுக்கலாம்னு அவங்களுக்கு ஒரு ஆசைங்க. அத்தைகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, அத்தை ஒத்துக்குவாங்க. இத நானும் அழிச்சுருவேனுங்க."

ஒரு 'ங்க'கூடக் குறையவில்லை. போசரியில் ரவுடி வந்து பட்டறைச் சாமான்களை உடைத்தபோதுகூட நான் இப்படி மாட்டிக்கொண்டதில்லை. அவனைத் திருப்பித் திட்ட முடிந்தது.

"முதல்ல எறங்கலாம் மாப்ள" என்றேன்.

என்னைத் தூக்கி அந்தப் பாதி சைக்கிளின் மேல் உட்கார வைத்தார். அதன் சீட்டு இருக்கிறதே, உளி மாதிரி. கேரியர் இருந்தால் மனுஷன் உட்காருவான். நான் அரிசி மூட்டை மாதிரி இரண்டு பக்கமும் சரிந்துகொண்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தேன். மெதுவாகத் தள்ளினார். மனசுக்குள் நான் அவருடைய ஏழு தலைமுறையையும் விசாரித்துக்கொண்டு வந்தேன்.

பாதை பிரிகிற இடம் வந்ததும், கோபத்தை யார் மேலாவது காட்ட வேண்டுமே என்று அந்தக் கம்பத்தின் மேல் காட்டினேன்.

"எல்லாம் இந்த வெளம்பரத்தால வந்தது. காட்டுல வந்து எவன் மாப்ள சைக்கிள் வாங்குவான்?"

மாப்பிள்ளை நின்றார். "வெளம்பரமுங்களா?"

"பின்ன? நடக்காத, சைக்கிள் வாங்குன்னு போட்டுக்கறான் பாருங்க."

அவர் போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சைக்கிளை விட்டுவிடுவாரோ என்று நான் பயப்படுகிற அளவுக்குச் சிரித்தார். கல்யாணத்திலிருந்து அன்று வரை அவர் 'ங்க' போடாமல் செய்த முதல் காரியம் அந்தச் சிரிப்புதான்.

"மாமா, இது சைக்கிள் பாதைன்னு போட்டிருக்குதுங்க. இங்க நடக்கறவங்க வரக் கூடாதுன்னு. அங்க வலது பக்கம் பாருங்க, அதுல சைக்கிள் மேல கோடு இருக்கும்."

வலது பக்கம் பார்த்தேன். இருந்தது. அகலப் பாதைக்குள் சைக்கிள் போகக் கூடாது, ஒற்றையடிப் பாதைக்குள் ஆள் போகக் கூடாது. காவலர் தலையில் அடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. இத்தனை நாளும் அடுத்தவன் பாதையில் நடந்து, அடுத்தவன் பாதையில் ஒதுங்கி, அடுத்தவன் பாதையிலேயே நின்று உன் அப்பன் வீட்டு ரோடா என்று கேட்டிருக்கிறேன்.

"கண்ணாடி வீட்ல இருக்குது" என்றேன்.

"தெரியுங்க மாமா" என்றார். அந்தத் தொனியில் என் ஐந்தாவது வகுப்பும் இருந்தது.

அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. இனி இவரிடம் இரண்டு விஷயம் இருக்கிறது: ஒரு வீடியோ, ஒரு போர்டு. பிரசவத்தைக் கொடுத்தால் பேர் வைப்பதைக் கேட்பார், பேரைக் கொடுத்தால் காது குத்துவதைக் கேட்பார். அவர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால் அவர் கையில் என்ன மிச்சம்? சைக்கிள் மேல் உட்கார்ந்தபடியே போனை எடுத்துப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"அப்பா? க்யா ஹுவா, என்ன ஆச்சு இவ்ளோ காலைல?"

"கண்ணு, டேக்டியில கல்லு வெச்சது நான்தான். அதுல நானே வுழுந்துட்டேன். உன் வூட்டுக்காரர் அத படம் புடிச்சி வெச்சிக்கினு, பிரசவத்த ஃபிளாட்ல வெக்கணும்னு கேக்கறாரு. அப்பறம், எனக்கு போர்டு படிக்கத் தெரியாது. அதயும் சொல்லிட்றேன்."

மாப்பிள்ளையின் தோள் என் கைக்குக் கீழே இறுகியது.

"அவர் பக்கத்துலயா இருக்காரு?"

"சைக்கிள புடிச்சிக்கினு நிக்கறாரு. நான் மேல குந்திக்கினு இருக்கேன்."

"ஸ்பீக்கர் போடு."

போட்டேன்.

"ரெண்டு பேரும் கேளுங்க. எங்கப்பாவ வீடியோ எடுத்து பேரம் பேசறீங்களா? யே க்யா தரீக்கா ஹை, இது என்ன மொறை? உங்கம்மா வரட்டும், ஃபிளாட்ல இருக்கட்டும், உங்களுக்கு தோசை சுட்டுத் தரட்டும். நான் எங்கம்மாகிட்ட போறேன்." ஒரு மூச்சு. "அப்பா, நீ சிரிக்காத."

நான் சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை. எப்படித் தெரிந்ததோ.

"அந்தக் கல்லுல அவரு விழுந்து மண்டை ஒடைஞ்சிருந்தா? நான் யார் வீட்டுக்குப் போயி நிக்கறது? சொல்லு."

நான் போனை மாப்பிள்ளை பக்கம் நீட்டினேன். மாப்பிள்ளை அதை முழங்கையால் என் பக்கமே தள்ளினார்.

"கால் சரியானதும் ஒவ்வொரு கல்லையும் நீதான் எடுக்கணும். ஒண்ணு விடாம. எனக்கு வீடியோ வரணும். வீடியோ எடுக்கறதுதான் அவருக்கு நல்லா வருதே." போனை வைத்துவிட்டாள்.

கீழே கேட் வரைக்கும் தள்ளினார், சரிந்தேன்.

வளைகாப்பில் சம்பந்தியம்மா என் கட்டுப் போட்ட காலைப் பார்த்து என்ன ஆச்சு என்று விசாரித்தார். நானும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் "வாக்கிங்" என்றோம். பெண் அன்று சாயங்காலமே எங்கள் வாசப்படி ஏறினாள். என் பெண்டாட்டி ஆரத்தித் தட்டோடு நின்றபோது அவள் கண் பெண்ணைத் தாண்டிச் சின்ன அறைப் பக்கம்தான் போனது, அந்தக் கொக்கிக்கு.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண் எங்கள் இரண்டு பேரையும் டேக்டிக்கு அனுப்பிவைத்தாள். வளைவில் நான் குனிந்து கல் பொறுக்கினேன். நானே தேர்ந்தெடுத்து வைத்த கற்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு கனம் என்று வைக்கும்போது தெரியவில்லை. மாப்பிள்ளை பத்தடி தள்ளி நின்று, வெயில் படாமல், போனைப் பிடித்திருந்தார்.

"அங்க செடிக்குள்ள இன்னொண்ணு இருக்குதுங்க மாமா."

எடுத்தேன்.

"அதுக்குப் பின்னாடி ஒண்ணுங்க. இல்லீங்க, பெருசு."

அதையும் எடுத்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, முகத்தில் வேர்வையும் வாயில் நிறைய மரியாதையுமாக அவரைப் பார்த்தேன்.

"எவ்ளோ நேரம் நின்னுக்கினே இருப்பீங்க மாப்ள? கால் வலிக்கும். தோ, அந்த உண்ணிச்செடிக்குள்ள கொஞ்சம் குந்துங்க. காத்து நல்லா வரும்."

"பரவால்லீங்க மாமா" என்றார், போனை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டு வந்து.